கை கொடுக்காத டீச்சர்

யாராவது கண்ணெதிரே தடுக்கி விழப்போனால் நம்முடைய கை தானாக முன்னால் நீளும். டீச்சருடைய கை பின்னால் போகும். ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். விழுந்த பிள்ளை அழும். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பதறுவார்கள். டீச்சர் அசைய மாட்டார். “எந்திரி. கைய ஊனு. ம்... இப்ப முட்டிய மடக்கு” என்று குரலை மட்டும் கொடுப்பார். பிள்ளை எழுந்து நிற்கும்வரை, மழை தூறினாலும், அந்த இடத்தை விட்டு நகரவும் மாட்டார்.

அவருடைய பெயரை நான் எழுதவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. எங்களுக்கு அவர் டீச்சர். அவரைப் பிடிக்காதவர்களுக்குக் கைகட்டி டீச்சர். என் அம்மா இரண்டாவது பெயரைத்தான் சொல்வாள்.

பொகவந்தலாவைக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் பாடசாலை. அதன் கடைசிக் கட்டடத்தில், உடைந்த மேசைகளைப் போட்டு வைத்திருந்த அறையை ஒதுக்கி, விசேட கல்வி அலகு என்று ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து பேச்சு வராத பிள்ளைகள், கால் சொன்னபடி கேட்காத பிள்ளைகள், வயது ஓடியும் புத்தி மெதுவாக வருகிற பிள்ளைகள் அங்கே வந்தார்கள். என் தங்கை ரேவதி மூன்றாவது வகை. எழுத்து அவளுக்கு ஏறவில்லை. சொற்களையும் எண்ணி எண்ணித்தான் பேசுவாள். ஊர்ப் பிள்ளைகளோடு சேர்த்து உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, முடியாதென்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினான்கு வயதில்தான் டீச்சரிடம் வந்தாள். நான் அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். உதவிக்கு ஆள் இல்லையென்று பாடசாலை அதிபர் கேட்டதால் அந்த அறைக்குப் போகத் தொடங்கினேன். அப்படித்தான் டீச்சரை நாள் முழுக்கப் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைத்தது.

ரேவதியைச் சேர்த்த முதல் நாள் அம்மா கொழுந்து பறிக்கப் போகாமல் கூடவே வந்தாள். இடைவேளையில் சோற்றுப் பெட்டியைத் திறந்து, பிசைந்து, வழக்கம்போல ஊட்டப் போனாள். டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

“அம்மா, நீங்க வீட்டுக்குப் போங்க. அவ சாப்பிடுவா.”

“அவளுக்குச் சாப்பிடத் தெரியாது டீச்சர். நான்தான் ஊட்டணும்.”

“பசிச்சா தெரியும். நீங்க போங்க.”

அம்மா கேட்டுக்கு வெளியே போய் வேலி இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சர் பெட்டியை எடுத்து மறுபடி இறுக்கமாக மூடி ரேவதிக்கு முன்னால் வைத்தார். ரேவதி மூடியைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்துப் பெட்டியை நீட்டினாள். டீச்சர் வாங்கவில்லை. மணி அடித்து, மற்றப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். ரேவதி அழுதாள். மூக்கு ஒழுக ஒழுக அழுதாள். கடைசியில் ஆத்திரத்தில் பெட்டியைத் தரையில் ஓங்கித் தட்டினாள். மூடி கழன்று பாதிச் சோறு சிமெந்தில் கொட்டியது. மிச்சத்தை இரண்டு கையாலும் அள்ளித் தின்றாள். முகமெல்லாம் பருப்பு. டீச்சர் துடைத்துவிடவில்லை. முற்றத்துக் குழாயைத் தலையால் சுட்டிக் காட்டினார், அவ்வளவுதான்.

“அது மனுசியா? கல்லு” என்றாள் அம்மா அன்று எங்கள் லயத்து வீட்டில். “புள்ளைய நாய் மாதிரி தின்ன வச்சிட்டா.”

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் மறுநாள் காலையில் ரேவதி தன் சோற்றுப் பெட்டியை அம்மாவிடம் கொடுக்காமல் தானே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

டீச்சர் வீடுகளுக்கும் வருவார். சொல்லாமல் வருவார். ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா பிளேன்டி ஊற்ற எழுந்தாள். “நீங்க உக்காருங்க, ரேவதி ஊத்தட்டும்” என்றார். அடுப்பில் கொதிக்கிற கேத்தலைப் பார்த்து அம்மாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ரேவதி ஊற்றிக் கோப்பையைக் கொண்டு வந்தாள். டீச்சர் ஒரு வாய் குடித்தார்.

“இதுல தேயிலை போடல ரேவதி. வெறும் சீனித்தண்ணி.”

“சும்மா குடிச்சிட்டுப் போனா என்னவாம்?” என்று அம்மா என் காதில் முணுமுணுத்தாள். வேறு டீச்சராக இருந்தால், நல்லாயிருக்கு என்று சொல்லித் தலையைத் தடவியிருப்பார். இவர் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். ரேவதி மறுபடி போனாள். இந்த முறை மை மாதிரி கறுப்பாக வந்தது. “கசக்குது. கொஞ்சமாப் போடு.” மறுபடி போனாள். அன்று எங்கள் வீட்டுச் சீனி தீர்ந்ததுதான் மிச்சமென்று அம்மா பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியாக வந்த கோப்பையைக் குடித்து முடித்துவிட்டு டீச்சர், “ஆ, இது தேத்தண்ணி” என்றார். ரேவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பெற்றோர் கூட்டங்களில் அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். “நீங்க இல்லாத அன்னைக்கு இவங்க என்ன செய்வாங்க?” இதைக் கேட்பார் என்பதற்காகவே சிலர் கூட்டத்துக்கு வராமல் விட்டார்கள். ஒரு தகப்பன் எழுந்து, “சாமி பாத்துக்கும் டீச்சர்” என்றார். டீச்சர் கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை தொங்கும். அதைத் தொட்டுக்கொண்டே, “சாமி நல்லாப் பாக்கும். சோறு ஆக்காது” என்றார். அந்தத் தகப்பன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதன் பிறகு அந்தப் பையனைப் பாடசாலைக்கு அனுப்பவே இல்லை. டீச்சர் அந்தக் குடும்பத்தின் தோட்டத்துக்குப் பல தடவை ஏறி இறங்கினார். கதவு திறக்கவில்லை. அதற்காகத் தன் கேள்வியை அவர் மாற்றிக்கொள்ளவும் இல்லை.

அவர் பிறந்த ஊர் வட்டவளை. பாடசாலை நாட்களில் எங்கள் பக்கத்துக் கடைவீதியில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் ஹட்டன் பஸ் பிடித்து ஊருக்குப் போவார். ஒரு முறை, “என்கூட வா சுமதி, ஒருத்தனப் பாத்துட்டு வருவோம்” என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

வட்டவளையில் ஒரு தோட்டத்து லயம். அறைவரிசையில் கடைசிக் காம்பராவில் வெளிச்சம் இல்லை. பாயில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவன். தாடி பாதியும் தோலில் வெட்டுக்காயம் பாதியுமாக யாரோ சவரம் செய்துவிட்டிருந்தார்கள். டீச்சரைக் கண்டதும் முகம் மலர்ந்து, சுவரைப் பிடித்து எழுந்து, நெஞ்சை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றான். சட்டையில் பொத்தான்கள் போடாமல் திறந்து கிடந்தன. அவன் ஏன் அப்படி நிற்கிறான் என்று எனக்குப் புரியவில்லை.

அவனுடைய அண்ணி உள்ளேயிருந்து வந்து சொன்னார். “டீச்சர் வந்தா பொத்தான் போட்டு விடுவாங்கன்னு நிக்கிறான். இன்னும் மறக்கல பாருங்க.”

டீச்சரின் கைகள் பின்னால் போயின. “நீயே போடு யோகா” என்றார். அவன் நெஞ்சை இன்னும் கொஞ்சம் தள்ளினான். “நீயே போடு. மேல இருந்து ஆரம்பி.” அவன் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. தன் சட்டையை அவன் குனிந்தே பார்க்கவில்லை, டீச்சருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் வெகுநேரம் நின்றோம். கடைசியில் அண்ணி, “அடுப்புல சோறு கெடக்கு டீச்சர்” என்று சொல்லி, அவசர அவசரமாகப் பொத்தான்களைப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கி வரும்போது டீச்சர் சொன்னார். “நான் படிப்பிச்ச முதல் பிள்ளை. அப்ப எனக்கு நல்ல பேரு. பொத்தான் போட்டு விடுவேன். சோறு ஊட்டுவேன். முதுகுல தூக்கிட்டுப் போவேன். அவங்க அம்மா என் கையப் புடிச்சி கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. பதினெட்டு வயசானதும் பாட்டுப் பாடி, கேக் வெட்டி அனுப்பினோம். அன்னைக்கு அந்தக் காம்பராவுக்குள்ள போனவன்தான். அம்மாவும் செத்துட்டாங்க. அண்ணி வேலைக்குப் போனா அவ வர்ற வரைக்கும் அப்பிடியே உக்காந்திருப்பான்.”

“சொல்லிக் குடுத்திருந்தா அவர் செஞ்சிருப்பாரா டீச்சர்?” என்று கேட்டேன்.

“தெரியாது. அதுதான் எனக்கு இன்னைக்கும் தெரியாது. நான் அவன விடவே இல்லையே.”

ரேவதிக்குப் பதினெட்டு வயது நெருங்கியபோது, இனி வைத்திருக்க இடமில்லை, சின்னப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று அதிபர் சொல்லிவிட்டார். அதற்கு முந்திய வருடமே டீச்சர் கடை கடையாக ஏறத் தொடங்கியிருந்தார். ஹட்டனில் ஒரு துணிக்கடை முதலாளி, “பாவம், தீபாவளிக்கு வாங்க டீச்சர், புள்ளைக்கு ஒரு உடுப்புத் தாறேன்” என்றார். ஒரு தையல்காரர், “நம்ம கடைக்கு ஆளுங்க வந்து போறாங்க, இதப் பாத்தா என்ன நெனப்பாங்க?” என்றார். “இது” என்று அவர் சொன்ன ரேவதி அப்போது டீச்சருக்குப் பக்கத்தில்தான் நின்றாள். டீச்சர் அவளை வெளியே அனுப்பவில்லை. “அவ பேர் ரேவதி. அவகிட்டயே சொல்லுங்க” என்றார். தையல்காரர் மிஷினை வேகமாக மிதித்தார்.

நோர்வூட்டில் ஒரு பேக்கரி. நடத்துகிறவர் சிங்களப் பெண்மணி. கட்டையாக, முழங்கை வரை மாவோடு இருப்பார். அவர் சிங்களத்தில் மூன்றே கேள்விகள் கேட்டார். களவு எடுப்பாளா, வலிப்பு வருமா, ஒவ்வொரு நாளும் வருவாளா? “எடுக்க மாட்டாள், வராது” என்ற டீச்சர், மூன்றாவதற்கு, “அது எனக்குத் தெரியாது, வந்தால்தான் தெரியும்” என்றார். அந்தப் பெண்மணி உரக்கச் சிரித்துவிட்டு, நாளைக்கே அனுப்பச் சொன்னார். ஆறிய பணிஸ் ரொட்டிகளைக் கடதாசிப் பைகளில் போடுவதும் கேக் பெட்டிகளை மடிப்பதும் ரேவதிக்கு வேலை. அன்றே மடித்துப் பார்க்கச் சொன்னபோது, பெட்டியின் மூலையை மூலையோடு சேர்ப்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோசம். ஒன்றை மடித்து முடித்ததும் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினாளாம்.

அம்மா சம்மதிக்க மறுத்தாள். காரணத்தை டீச்சரிடம் நேராகவே சொன்னாள். “வயசுப் பொண்ணு டீச்சர். எவன் கூப்பிட்டாலும் சிரிச்சிக்கிட்டுப் போவா. ஏதாச்சும் ஒண்ணு ஆனா வந்து சொல்லக்கூடத் தெரியாது.”

டீச்சர் அந்தப் பயத்தைச் சிறிதாக்கிப் பேசவில்லை. “நடக்கலாம்” என்றார். “அதுக்குத்தான் வேண்டாம்னு சொல்லப் பழக்கிறேன். தெரியாத ஆளோட வண்டியில ஏறாதேன்னு பழக்கிறேன். பழகாம வீட்டுல வச்சிருந்தா மட்டும் நடக்காதா?”

கொழும்பில் கடையில் நிற்கிற அப்பா தொலைபேசியில், போகட்டும் என்றார். அம்மா கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். “நீங்க கூடப் போகணும். அவ மேல வச்ச கண்ண எடுக்கக்கூடாது.”

“எடுக்க மாட்டேன்” என்றார் டீச்சர்.

ஆகஸ்ட் விடுமுறையில் பஸ் பழக்கம் தொடங்கியது. முதலில் ரேவதிக்குப் பக்கத்து இருக்கையில் டீச்சர் உட்கார்ந்தார். பிறகு பின் இருக்கைக்குப் போனார். பிறகு பஸ்ஸின் கடைசி வரிசைக்கு. “நான் பஸ்ஸுல இருந்தாலும் இல்லைன்னு நெனச்சிக்க. என்னைப் பாக்காத. கோயில் வரும், பாலம் வரும், பெட்ரோல் ஷெட் வரும், நீ எறங்கணும்” என்று சொல்லிக்கொடுத்தார். ரேவதி அதைப் பாட்டு மாதிரி வீட்டில் சொல்லித் திரிவாள். இரண்டு வாரத்தில் அவள் டீச்சர் இருக்கும் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டாள்.

அந்த மாதம் மழை விடவில்லை. ஒரு நாள் காலை நோர்வூட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மண் சரிந்து பாதையை மூடிவிட்டது. பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். சரிவை நடந்து கடந்தால் அந்தப் பக்கம் வேறு பஸ் நிற்கிறது என்று கண்டக்டர் கத்தினார். சனங்கள் குடைகளை விரித்துக்கொண்டு சேற்றில் நடந்தார்கள். ரேவதி இறங்கி, பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இது பழக்கத்தில் வராத விஷயம்.

கடைசி வரிசையிலிருந்து இறங்கிய டீச்சர், ஒரு மூடிய தேத்தண்ணிக் கடையின் ஓரமாக நின்றார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். அவள் என்ன செய்கிறாள், யாரையாவது கேட்கிறாளா, கூட்டத்தோடு நடக்கிறாளா என்று பார்ப்போம் என்று நின்றார். ரேவதி கொஞ்ச நேரம் அங்குமிங்கும் பார்த்தாள். பிறகு பக்கத்தில் மேலே ஏறுகிற தோட்டத்துப் பாதையில் நடக்கத் தொடங்கினாள். திரும்பிவிடுவாள் என்று டீச்சர் நினைத்தாராம். அதற்குள் மேலேயிருந்து பனிமூட்டம் இறங்கி, முன்னால் நிற்கிற ஆளைக்கூட மறைத்தது. டீச்சர் ஓடினார். கத்தினார். பாதை மேலே போய் மூன்றாகப் பிரிந்திருந்தது.

எனக்குத் தொலைபேசி வந்தபோது அவர் குரலில் மூச்சு மட்டும்தான் இருந்தது. “ரேவதியக் காணோம் சுமதி. என் கண் முன்னாலதான் போனா.”

நாங்கள் பாதி நாள் தேடினோம். பின்னேரம் பக்கத்துத் தோட்டத்து ஆட்டோக்காரர் ஒருவர் அவளைக் கண்டார். தேயிலைக்கு நடுவே ஒரு தண்ணீர்க் கானில் விழுந்து கிடந்தாளாம். இடது கை முறிந்திருந்தது. அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றப் போனபோது “வேணாம், வேணாம்” என்று கத்தி, அவர் கையைக் கடித்துவிட்டாள். அவர் அவளை வற்புறுத்தவில்லை. தன் ரெயின்கோட்டைக் கழற்றி அவள் மேல் போர்த்திவிட்டு, லயத்துக்கு ஓடி இரண்டு பெண்களைக் கூட்டி வந்தார். அவர்கள் பேசிப் பேசித்தான் ஏற்ற முடிந்தது. முறிந்த கையோடு அவ்வளவு நேரம் அவள் மழையில் கிடந்தாள். உதவ வந்த மனுசனைக்கூட ஏற்கக்கூடாது என்று பழகியிருந்தாள். அந்த மனுசனுக்குப் பதிலாக வேறொருவன் வந்திருந்தால் அதே பழக்கம் அவளைக் காப்பாற்றியிருக்கும். இதை நான் எத்தனை முறை யோசித்தாலும் ஒரு பக்கமாக முடிவதில்லை.

ஆஸ்பத்திரி வார்டில் ரேவதி கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்தாள். டீச்சர் வந்தார். சேலை இடுப்புவரை சேறு. அம்மா எழுந்தாள்.

“கண்ண எடுக்க மாட்டேன்னீங்களே?”

“எடுக்கலம்மா. பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தில் தவறிவிட்டாள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை.

“பாத்துக்கிட்டா? வழி மாறிப் போறதப் பாத்துக்கிட்டா நின்னீங்க? ஒரு சத்தம் குடுக்க வாய் இல்லையா ஒங்களுக்கு?” அம்மாவின் கை ஓங்கியது. நான் பிடித்துக்கொண்டேன்.

அப்போது ரேவதி கட்டிலிலிருந்து பேசினாள். “டீச்சர் கடைகிட்ட நின்னாங்க.”

டீச்சர் அவளிடம் குனிந்தார். “என்னைப் பாத்தியா நீ?”

“பாத்தேன்.”

“பாத்தும் ஏன் என்கிட்ட வரல? வழி தெரியலன்னா ஏன் வரல ரேவதி?”

“நீங்க இல்லைன்னு நெனைக்கச் சொன்னீங்க” என்றாள். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்ன திருப்தியோடு சொன்னாள்.

டீச்சர் அந்தக் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார்.

புகார் போனது. விசாரணை வந்தது. இனிமேல் பிள்ளைகளை வெளியே எங்கும் கூட்டிச் செல்லக்கூடாது என்று உத்தரவு வந்தது. அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். நான் எதிர்பார்க்காதது வேறு. பாடசாலை தொடங்கி ஒரு நாள் காலை, ஒரு சின்னவனின் சப்பாத்து நாடா அவிழ்ந்திருந்தது. அவன் வழக்கம்போலத் தானே குனிந்து அதோடு போராடிக்கொண்டிருந்தான். டீச்சர் வந்து தரையில் மண்டியிட்டு அதைக் கட்டிவிட்டார். அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். மறுநாள் இரண்டு மூன்று பேர் காலை நீட்டினார்கள். ஒரு மாதத்தில் அவர் சோற்றுப் பெட்டிகளைத் திறந்து கொடுத்தார், வாய் துடைத்துவிட்டார், விழப்போகிறவர்களை விழுமுன்னே தாங்கினார். பெற்றோருக்குச் சந்தோசம். “இப்பத்தான் டீச்சருக்கு மனசு எளகியிருக்கு” என்றார்கள். கூட்டங்களில் அந்தக் கேள்வியும் நின்றுபோனது. யோகாவை நினைக்க நினைக்க எனக்கு அந்த அறையில் இருக்கவே பயமாக இருந்தது.

“ஏன் டீச்சர் இப்பிடி?” என்று ஒரு முறை கேட்டேன்.

“என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல சுமதி. கை தானா முன்னால நீளுது” என்றார்.

வீட்டில் ரேவதியின் கை கூடியது, முழங்கையில் ஒரு கோணலோடு. அம்மா அவளுக்கு மறுபடி சோறு ஊட்டத் தொடங்கியிருந்தாள். ரேவதியும் வாயைத் திறந்தாள். பகலெல்லாம் வாசல்படியில் உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கு வருகிற எந்தக் கடதாசியையும் மடித்து மூலையோடு மூலை சேர்ப்பாள். அப்படியே ஒன்றரை வருடம் போனது.

அந்த வருடக் கடைசியில் டீச்சர் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். சாதாரண வகுப்புக்கு, கணக்குப் படிப்பிக்க. பென்சன் எடுத்துக் கொஞ்ச நாளில் வட்டவளையில் இறந்துபோனார். அடக்கத்துக்கு நானும் அம்மாவும் போயிருந்தோம். அவர் இடமாற்றம் பெற்றுப் போவதற்குச் சில மாதங்கள் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லாமல் அவரைப் பற்றி நான் எழுதி முடிக்க முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா தேயிலை மலையில், நான் பாடசாலையில். மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா தொலைபேசியில் அழைத்து, ரேவதி காலையிலிருந்து வீட்டில் இல்லை என்றார். டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நானும் அவரும் ஆட்டோ பிடித்து, வழியில் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனோம். கொழுந்துக் கூடையை யாரிடமோ போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள் அம்மா. பழைய சரிவு இருந்த இடத்தில் இறங்கிக் கூப்பிட்டுப் பார்த்தோம். பதில் இல்லை. பிறகுதான் பேக்கரி என் நினைவுக்கு வந்தது.

ரேவதி உள்ளே இருந்தாள். தலையில் துணி கட்டி, மேசை முன்னால் நின்று பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். கோணல் கையால் பெட்டியின் அடியைத் தாங்கி, நல்ல கையால் மடித்தாள். “காலையிலேயே வந்துட்டா” என்றார் வாசலுக்கு வந்த பேக்கரிப் பெண்மணி தன் அரைகுறைத் தமிழில். “நீங்க அனுப்பினதுன்னு நான் நெனச்சது.”

நாங்கள் மூன்று பேரும் பாதைக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஹார்ட்வெயார் கடையின் கூரைக்குக் கீழே நின்றோம்.

“போய் கூட்டிட்டு வா சுமதி” என்றார் டீச்சர். “மழை வரப்போகுது. கூட்டிட்டு வா.”

அம்மா கடைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இன்னொரு பெண் பெட்டிகளைத் தலைகீழாக அடுக்கிவிட்டாள் போலிருக்கிறது. ரேவதி அவளிடம் பாதிச் சிங்களத்தில் சண்டை பிடித்தாள். அவள் திருப்பிக் கத்தினாள். பிறகு இரண்டு பேரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“இவ சண்டை போட்டு நான் பாத்ததே இல்ல” என்றாள் அம்மா. “நம்மகூட இருந்தா யாரோட சண்டை போடுவா?”

“வேலை முடிய இருட்டிரும்மா. இன்னைக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்” என்றார் டீச்சர். “இனி என்னால பொறுப்பெடுக்க முடியாது.”

“ஒங்கள யாரும் கேக்கல டீச்சர்” என்றாள் அம்மா. அதில் கோபம் இல்லை. “வேல முடியட்டும்.”

காத்திருந்தோம். மழை வந்து, விட்டு, மறுபடி வந்தது. ரேவதி ஒரு பை பணிஸோடு வெளியே வந்து பாதையைக் கடந்தபோதுதான் எங்களைக் கண்டாள். அம்மாவையும் என்னையும் பார்த்தாள். டீச்சரை அதிக நேரம் பார்த்தாள்.

“நீங்க ஏன் வந்தீங்க?”

டீச்சர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க வீட்டுக்குப் போங்க டீச்சர். ஹட்டன் பஸ் அந்தப் பக்கம் வரும்” என்றாள் ரேவதி.

டீச்சர் தலையாட்டினார். பாதையைக் கடந்து போனார். ஹட்டன் பஸ் வந்து அவரை மறைத்தது. அது போன பிறகு அந்தப் பக்கம் யாரும் இல்லை. அவருடைய அடக்கத்துக்குப் போகும்வரை அம்மா அவரை மறுபடி பார்க்கவில்லை.

எங்கள் பஸ் கூட்டமாக வந்தது. ரேவதி முதலில் ஏறி, தெரியாத ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்கள் தோட்டத்து முச்சந்தி நெருங்கியது. ரேவதி ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை. அம்மா என் கையை இறுகப் பிடித்தாள். நகம் பதிந்தது. பஸ் முச்சந்தியில் ஆட்களை இறக்கி, ஏற்றி, மறுபடி புறப்பட்டது.

“அம்மா, சொல்லட்டா?” என்றேன்.

“பேசாத” என்றாள் அம்மா. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

அடுத்த வளைவு தாண்டியதும் ரேவதி துள்ளி எழுந்து, “எறங்கணும், எறங்கணும்!” என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினாள். கண்டக்டர் திட்டிக்கொண்டே மணியடித்தார். மழையில் இறங்கி, வந்த வழியே முச்சந்திக்குத் திரும்பி நடந்தோம். அவள் முன்னால், நாங்கள் பின்னால். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்து எங்களுக்கு அதட்டல் போட்டாள்.

“வேகமா வாங்க. இருட்டுதுல்ல?”